புழுவுக்குள் ஒரு ஈ!

குழந்தைகளே, ஒரு சின்னக் கேள்வி. புழு வளர்ந்தால் என்னவாகும்?

'கூட்டுப்புழு ஆகும். அப்புறம் அந்துப்பூச்சியாகவோ வண்ணத்துப்பூச்சியாகவோ வெளியே வரும்' என்று உடனே சொல்லிவிடுவீர்கள். கீழ் வகுப்பிலேயே படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கிய விடை அல்லவா? விடை சரிதான். ஆனால் வயலில் இருக்கும் எல்லாப் புழுக்களுக்கும் அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. சில புழுக்கள் தின்னும், கொழுக்கும். ஒருநாள் சுருண்டு செத்துப்போகும். அந்தப் புழுவின் உடம்பிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக ஓர் ஈக்குஞ்சு நெளிந்து வெளியே வரும்!

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால், வீரபாண்டி தாண்டிச் சின்னமனூர் நெருங்கும்போது இருபுறமும் பச்சைப் பசேல் என்று தெரியுமே, அந்த வயல்களில் தினமும் நடக்கிற சங்கதி இது. சின்னமனூர் என்றால் வரலாற்று ஆசிரியர்களுக்குப் பாண்டியர் செப்பேடு நினைவுக்கு வரும். எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களுக்கு நெல், வாழை, தென்னை, கரும்பு, வெற்றிலை, திராட்சை. முல்லைப் பெரியாறு தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் மட்டும் விளைகிறது. இத்தனை பயிர் இருக்கிற இடத்தில் அவற்றைத் தின்ன வருகிற பூச்சிகளுக்குக் கேட்க வேண்டுமா? அந்தப் பூச்சிகளைத் தின்ன வருகிறவர்களில் ஒருவர்தான் நம் ஈயார்.

முள்முடி ஈ

இந்த ஈக்களின் குடும்பத்துக்கு 'டாகினிட்' என்று பெயர். உலகத்தில் இதுவரை 8,000-க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு நம் வீட்டு ஈ மாதிரியே இருக்கும். அதனால்தான் வயலில் நாள் முழுக்க வேலை செய்கிறவர்கள்கூட 'ஏதோ ஈ' என்று விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு உடம்பெல்லாம், முக்கியமாக வயிற்றின் பின்பக்கம், விறைப்பான கறுப்பு முடிகள் முள் முள்ளாக நிற்கும்.

பெரிய ஈ என்ன சாப்பிடும் தெரியுமா? பூவில் இருக்கிற தேன். அசுவினி போன்ற பூச்சிகள் இலையில் கசியவிடும் இனிப்புநீரையும் நக்கிக்கொள்ளும். யாரையும் கடிக்காது, பயிரைத் தொடாது. அதன் குஞ்சுகளுக்குத்தான் உயிருள்ள புழு வேண்டும்.

அந்தக் குஞ்சு புழுவுக்குள் போனதும் கண்டதையும் தின்றுவிடாது. முதலில் புழு சேர்த்து வைத்திருக்கிற கொழுப்பைத் தின்னும். முக்கியமான உறுப்புகளைக் கடைசி வரை விட்டுவைக்கும். ஏன்? புழு சீக்கிரம் செத்துவிட்டால் சாப்பாடு கெட்டுப்போகுமே! புழுவும் சும்மா இருக்காது. உள்ளே ஏதோ புகுந்துவிட்டது என்று அதன் இரத்த அணுக்கள் ஓடி வந்து, வந்தவனைச் சுற்றிச் சுவர் எழுப்பும். மூச்சுத் திணறிச் சாக வேண்டும் என்பது திட்டம். பல டாகினிட் குஞ்சுகள் என்ன செய்கின்றன தெரியுமா? அந்தச் சுவரையே ஒரு புனல் போல ஆக்கிக்கொண்டு, அதன் வழியாக வெளிக்காற்றைச் சுவாசிக்கின்றன! தன்னைக் கொல்லக் கட்டிய சிறையையே மூச்சுக் குழாயாக மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியத்தை வேறு எங்கே பார்க்க முடியும்? வகுப்பில் இதைச் சொன்னால் முன் பெஞ்சு 'உவ்வே' என்னும். கடைசிப் பெஞ்சுதான் 'அப்புறம் சார்?' என்று கேட்கும்.

அப்புறம், வயிறு நிறைந்ததும் குஞ்சு வெளியே வந்து (சில வகைகள் செத்த புழுவின் தோலுக்குள்ளேயே) நெல்மணி அளவுக்குச் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கூடாகிவிடும். மாத்திரை மாதிரி இருக்கும். ஈ வளர்ந்ததும் அந்தக் கூட்டின் மூடியைத் திறக்க வேண்டும். கையில் ஆயுதமா இருக்கிறது? நெற்றியில் ஒரு பலூன் இருக்கிறது! அதை ஊதி ஊதி மூடியைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வரும். வந்த பிறகு பலூன் முகத்துக்குள் சுருங்கிவிடும்.

கரும்புக்குள் ஒளிந்திருக்கும் திருடன்

இப்போது கரும்புக்காட்டுக்கு வாருங்கள். நட்டு ஒரு மாதம், இரண்டு மாதம் ஆன இளங்கரும்பில் சில தூர்களில் நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். முகர்ந்து பார்த்தால் அழுகல் நாற்றம். இது இளங்குருத்துப்புழுவின் வேலை. இலையில் வைத்த முட்டையிலிருந்து பொரிந்த புழு, தண்டில் ஓட்டை போட்டு உள்ளே போய் உட்கார்ந்து குடைந்து தின்னும். முதுகில் ஊதா நிறத்தில் ஐந்து கோடுகள் ஓடும்.

இந்தத் திருடனைப் பிடிப்பது கடினம். கரும்பின் மேல் தெளிக்கிற மருந்து உள்ளே இருக்கிற புழுவை எளிதில் எட்டாது. (பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்கு 'மருந்து' என்று யார் பெயர் வைத்தார்களோ! நானும் ஊரோடு ஒத்து அப்படியே எழுதுகிறேன்.) ஆனால் வெளியே இலையில் உட்கார்ந்திருக்கிற ஈயை அது எட்டும்.

ஸ்டர்மியாப்சிஸ் இன்ஃபெரன்ஸ் என்று ஒரு டாகினிட் ஈ இருக்கிறது. வாயில் நுழையாத பெயர்தான். 'ஸ்டர்மியாப்சிஸ்' என்று மட்டும் சொன்னால் போதும். இது நம் நாட்டிலேயே இருக்கிற ஈ. இந்தத் தாய் ஈ முட்டை போடுவதில்லை. முட்டைகளை வயிற்றுக்குள்ளேயே ஒரு வாரத்துக்கும் மேல் வைத்திருந்து பொரிக்க விட்டு, உயிருள்ள குஞ்சுகளாகத்தான் இறக்கிவிடும். எங்கே? கரும்புத் தண்டில் புழு போட்ட ஓட்டையின் வாசலில்! தாய் ஈ குண்டு. அந்த ஓட்டைக்குள் நுழைய முடியாது. நூல் துணுக்கு மாதிரி இருக்கிற குஞ்சு நுழைந்துவிடும். இருட்டுச் சுரங்கத்துக்குள் தானாக ஊர்ந்து போய், தானாகப் புழுவைத் தேடிப் பிடித்து, அதன் தோலைத் துளைத்து உள்ளே போக வேண்டும். தெளிப்பான் நுழைய முடியாத இடத்துக்குப் பிறந்து சில நிமிடமே ஆன குஞ்சு போய் வேலையை முடிக்கிறது.

கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகள் இந்த ஈயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஆய்வகத்தில் இந்த ஈயைப் பெருக்குவது எப்படி என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சூல்கொண்ட ஈயின் வயிற்றிலிருந்து குஞ்சுகளை எடுத்து, நீங்கள் ஓவிய வகுப்பில் வைத்திருப்பது போன்ற மெல்லிய தூரிகையின் நுனியால் ஒவ்வொரு புழுவின் மேலும் ஒன்றிரண்டாகத் தொட்டு வைக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை!

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொல்லும் கணக்கு இது: இளங்குருத்துப்புழுவுக்கு ஏக்கருக்கு 125 சூல்கொண்ட ஸ்டர்மியாப்சிஸ் ஈக்களை விட வேண்டும். ஏக்கருக்கு 125 என்பது குறைவாகத் தோன்றும். ஒவ்வொரு ஈயும் சில நூறு குஞ்சுகளைச் சுமந்துகொண்டு வருகிறது என்பதை நினைத்துப் பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. ஈயை இன்று விட்டால் நாளைக் காலையில் புழு எல்லாம் செத்துக் கிடக்காது. குஞ்சு உள்ளே இருந்தாலும் புழு சில நாள் தின்றுகொண்டுதான் இருக்கும். ஏற்கெனவே காய்ந்த குருத்தும் பச்சையாகிவிடாது. ஈயின் பலன் அடுத்த தலைமுறையில் தெரியும், அந்துப்பூச்சிகள் குறையும்போது. அதனால்தான் கரும்பு நட்டதும் சோகை பரப்புவது, மண் அணைப்பது போன்ற வேலைகளையும் சேர்த்தே செய்யச் சொல்கிறார்கள். பொறுமை இல்லாதவர் நடுவில் ஒருமுறை கடுமையான மருந்தை அடித்துவிட்டால் போச்சு! தண்டுக்குள் இருக்கிற புழு தப்பிவிடும். வெளியே அலைகிற ஈ செத்துவிடும். பிறகு அந்தப் புழுவின் பிள்ளைகளைத் தடுக்க ஆள் இருக்காது.

தூக்கிக்கொண்டு பறக்கும் பெரிய தலையர்

நெல் வயலில் வேறொரு குடும்பத்து ஈ உண்டு. உடம்பு சிறியது, தலை பெரியது. தலை என்பதே ஏறத்தாழ முழுக்கக் கண்கள்தான். பெரிய தலை ஈ என்றே இதைச் சொல்வார்கள். நெற்பயிரில் துங்ரோ என்ற நச்சுயிரி நோயைச் செடிக்குச் செடி சுமந்து செல்லும் பச்சைத் தத்துப்பூச்சியைத்தான் இது குறிவைக்கும். அந்தரத்தில் நின்றபடி தேடிக்கொண்டே இருக்கும். தத்துப்பூச்சி கண்ணில் பட்டதும் பாய்ந்து தூக்கிக்கொண்டு மேலே பறக்கும். பறக்கும்போதே அதன் உடம்புக்குள் ஒரு முட்டையைச் செலுத்திவிட்டுக் கீழே விட்டுவிடும்! கழுகு கோழிக்குஞ்சைத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கழுகு தூக்கினால் தின்னத் தூக்கும். இது முட்டையிட்டுவிட்டு அனுப்பிவைக்கிறது.

டாகினிட் ஈக்களிலும் வழிக்கு வழி வித்தியாசம். சில, புழுவின் தோலில் வெள்ளை முட்டையைப் பசை போட்டு ஒட்டிவிடும். பெரும்பாலும் தலைக்குப் பக்கத்தில், புழு தன் வாயால் கடித்து எடுக்க முடியாத இடமாகப் பார்த்து ஒட்டும். இன்னும் சில, தூசி அளவு முட்டைகளை இலையில் போட்டுவிட்டுப் போய்விடும். புழு இலையோடு சேர்த்து முட்டையையும் விழுங்கிவிடும். எதிரி, வயிற்றுக்குள் தானாகப் போய்ச் சேர்ந்தாயிற்று!

எனக்கு மிகவும் பிடித்தது ஓர்மியா ஈயின் கதை. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வருமே, பிள்ளைப்பூச்சி, அதன் உறவுக்காரர்கள் தென் அமெரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குள் எப்படியோ புகுந்து, புல்வெளிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் வேரோடு நாசம் செய்தார்கள். மண்ணுக்குள் வாழும் பூச்சி. இரவில் மட்டும் நடமாட்டம். ஆண் பூச்சி தன் வளையில் இருந்துகொண்டு பெண்ணைக் கூப்பிட 'கிர்ர்ர்' என்று பாடும். பிரேசிலில் இருக்கும் ஓர்மியா ஈக்கு அந்தப் பாட்டு கேட்கும். ஈக்குக் காதா என்று கேட்காதீர்கள். இந்த ஈக்கு இருக்கிறது, நெஞ்சுப் பகுதியில்! இருட்டில் பாட்டு வரும் திசையை வைத்தே வந்து, பாடகர் அருகில் குஞ்சுகளை இறக்கிவிடும். 1980-களின் கடைசியில் விஞ்ஞானிகள் அந்த ஈயை பிரேசிலிலிருந்து ஃபுளோரிடாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஈ எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க என்ன செய்தார்கள் தெரியுமா? ஒலிபெருக்கியில் பிள்ளைப்பூச்சிப் பாட்டைப் போட்டார்கள். ஈக்கள் தேடி வந்து உட்கார்ந்தன!

தென்னையைக் காப்பாற்றிய கப்பல்

சின்னமனூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்குப் பஞ்சமில்லை. நம்மூர்த் தென்னை ஓலையைச் சுரண்டித் தின்பது கருந்தலைப்புழு. அதே போல பசிபிக் கடலில் இருக்கும் ஃபிஜித் தீவில் லெவுவானா என்ற ஊதா நிற அந்துப்பூச்சியின் புழுக்கள் தென்னை ஓலைகளை அரித்தன. (நம் தமிழ் மக்கள் பலர் நூறு ஆண்டுகளுக்கு முன் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன அதே ஃபிஜிதான்.) மரங்கள் தீய்ந்தது போல நின்றன. தேங்காயை நம்பி வாழ்ந்த தீவு மக்கள் திகைத்துப்போனார்கள்.

1925-ல் டாட்ஹில் என்ற விஞ்ஞானியின் குழு மலாயாவில் ஒரு டாகினிட் ஈயைக் கண்டுபிடித்தது. அது லெவுவானாவின் உறவுக்கார அந்துப்பூச்சி ஒன்றைத் தாக்குகிற ஈ. அதைக் கப்பலில் கொண்டுவர வேண்டும். வழியில் ஈ செத்துவிடக் கூடாதே! கூண்டுக்குள் தென்னங்கன்றுகள், கன்றுகளின் மேல் புழுக்கள், புழுக்களுக்கு ஈக்கள் என்று ஒரு குட்டித் தோப்பையே கப்பலில் ஏற்றினார்கள். முந்நூறு சொச்சம் ஈக்கள் உயிரோடு வந்து சேர்ந்தன. அவற்றைப் பெருக்கித் தீவெங்கும் விட்டார்கள். சில மாதங்களிலேயே புழு அடங்கிவிட்டது. தென்னைகள் தழைத்தன.

இதோடு நிறுத்தினால் நல்ல கதைதான். ஆனால் முழுதும் சொல்ல வேண்டுமே! அந்த லெவுவானா அந்துப்பூச்சி இன்று உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டதாகக் கருதப்படுகிறது. தென்னையைத் தொடாத, யாருக்கும் தொல்லை தராத வேறு சில அந்துப்பூச்சிகளையும் அந்த ஈ விட்டுவைக்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் ஒரு நாட்டு ஒட்டுண்ணியை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன், அது வேறு எதைத் தாக்கும் என்று பரிசோதிக்கிறார்கள். ஸ்டர்மியாப்சிஸ் போல உள்ளூரில் இருப்பதையே பெருக்கிவிட்டால் அந்த வம்பு குறைவு.

அதே ஈ, வேறு புழு

தேனி மாவட்டத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களிடம் போய் 'டாகினிட் ஈ நல்ல ஈ' என்று சொல்லிவிடாதீர்கள், அடிக்க வருவார்கள்! பட்டுப்புழுவும் புழுதானே? அதைத் தாக்குகிற ஊஜி ஈயும் இதே குடும்பம்தான். ஜப்பானிய மொழியில் 'உஜி' என்றால் ஈயின் புழு. அந்தச் சொல்தான் கப்பலேறி நம்மூர் வரை வந்திருக்கிறது.

பட்டுப்புழு வளர்ப்பை ஒரு கணக்காகவே சொல்கிறேன். நூறு முட்டைத் தொகுதி வாங்கினால் ஏறத்தாழ நாற்பது, ஐம்பது ஆயிரம் புழுக்கள். ஏறக்குறைய ஒரு மாதம் வீட்டில் எல்லோரும் மாறி மாறி மல்பெரி இலை வெட்டிப் போட வேண்டும். ஐந்தாம் பருவத்தில் புழு இரவு பகல் பாராமல் தின்னும். அந்த நேரத்தில் கதவிடுக்கு வழியாக ஒரே ஒரு பெண் ஊஜி ஈ நுழைந்துவிட்டால்? ஒவ்வொரு புழுவின் மேலும் குண்டூசித் தலை அளவு வெள்ளை முட்டையாக, சில நூறு முட்டைகளை இட்டுவிடும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரிந்து உள்ளே போகும். போன இடத்தில் கறுப்பு வடு தெரியும். சில புழுக்கள் கூடு கட்டும் முன்பே சாகும். சில எப்படியோ கூடு கட்டிவிடும். அது இன்னும் ஏமாற்றம். ஈக்குஞ்சு கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒரு நல்ல பட்டுக்கூட்டிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நீளத்துக்கு ஒரே இழையாக நூல் எடுக்கலாம். ஓட்டை விழுந்துவிட்டால் இழை துண்டு துண்டாக அறுந்துவிடும். சந்தையில் விலை போகாது.

இந்த ஈ முன்பு மேற்கு வங்கத்தில் இருந்தது. 1980-ல் அங்கிருந்து வந்த பட்டுக்கூடுகளோடு கர்நாடகத்துக்குள் நுழைந்து, பிறகு தமிழ்நாட்டுக்கும் பரவியது. பட்டுப்புழு வளர்ப்பு மனையில் பூச்சி மருந்து அடிக்க முடியுமா? பட்டுப்புழுவும் செத்துவிடுமே! அதனால் ஜன்னலுக்கு நைலான் வலை, தரையில் விரிசல் இல்லாமல் பூச்சு என்று காவல் போடுகிறார்கள். விரிசலுக்குள்தான் ஈக்குஞ்சு போய்க் கூடாகும்.

அதற்கும் மேலே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மைசூரில் இருக்கும் மத்திய பட்டு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் நெசோலிங்ஸ் தைமஸ் என்ற குளவியை வளர்த்துக் கொடுக்கிறது. எள்ளைவிடச் சிறியது. இது ஊஜி ஈயின் கூட்டைத் தேடிப்போய்த் துளைத்து அதற்குள் முட்டையிடும். கூட்டிலிருந்து ஈக்குப் பதிலாக டஜன் கணக்கில் குட்டிக் குளவிகள் வெளியே வரும்! நூறு முட்டைத் தொகுதிக்கு ஒரு லட்சம் குளவிகள் என்பது கணக்கு. பட்டுப்புழுவைக் குளவி ஒன்றும் செய்யாது.

ஆகப் புழுவுக்குள் ஈ, ஈக்குள் குளவி! ஈக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. கரும்புக் கொல்லையில் அதை வளர்த்து விடுகிறோம், பட்டு மனையில் வலை கட்டித் தடுக்கிறோம். இரண்டும் தேவைதான்.

நீங்களே பார்க்கலாம்

இதை நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. தக்காளி, கத்தரி, எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் முடி இல்லாத பச்சைப் புழுக்களைத் தேடுங்கள். (கம்பளிப்பூச்சியைத் தொடாதீர்கள், அரிக்கும். அன்று மருந்து அடித்த செடி பக்கமும் போகாதீர்கள்.) தலைக்குப் பின்னால் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கிறதா, கறுப்பு வடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் யோகம்! அகன்ற வாய் பாட்டிலில் விட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கள். எந்தச் செடியில் பிடித்தீர்களோ அதே செடியின் இலையைத் தினமும் புதிதாகப் போடுங்கள். பாட்டிலின் அடியில் கொஞ்சம் உலர்ந்த மண் இருக்கட்டும். தேதி போட்டுக் குறிப்பு எழுதுங்கள்.

வண்ணத்துப்பூச்சி வந்தால் பறக்க விடுங்கள். மண்ணில் செம்பழுப்பு மாத்திரை கிடந்தால் எடுத்து எறிந்துவிடாதீர்கள். வெயில் படாத இடத்தில் வைத்து ஒன்றிரண்டு வாரம் காத்திருங்கள். வெளியே வந்தது ஈயா, குளவியா என்று சந்தேகம் வந்தால் இறக்கையை எண்ணுங்கள். ஈக்கு இரண்டு, குளவிக்கு நான்கு. பார்த்து முடித்த பின் புழுவைப் பிடித்த செடிக்கே கொண்டுபோய்ப் பாட்டிலைத் திறந்துவிடுங்கள். பக்கத்தில் கொத்தமல்லி பூத்திருந்தால் ஈ முதலில் அங்கேதான் போய் உட்காரும். ஊரில் யாராவது பட்டுப்புழு வளர்த்தால், பாட்டிலோடு அந்த மனைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.